உடுத்தியவர் உள்ளார்

மோப்பனின் திரையில் பெயர் வந்து விழுந்தபோது நயினார் அண்ணாச்சி, "யாருது?" என்று கேட்கவில்லை. "எந்த ஊருன்னு போட்டிருக்கு?" என்று கேட்டார்.

ஆவுடைத்தங்கத்துக்கு முதல் உறுத்தல் அங்கேதான். ஏழுகல் துறையில் ஆற்றில் கிடக்கிற துணியை வெளியே எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது யாருடையது என்பதைத்தான். சேலை என்றால் "எந்த மகராசியோடது?" என்பார்கள். கால்சட்டை என்றால் "எவம்ல அவன்?" என்பார்கள். ஊர், வயசு எல்லாம் பிறகு. எடுத்தவுடன் ஊரைக் கேட்கிற ஆளுக்குப் பெயர் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

தாமிரபரணி ஒரு வளைவு வளைந்து அகலமாகிற இடம் ஏழுகல் துறை. தோஷம் கழிக்கிறவர்கள் பல மாவட்டங்களிலிருந்தும் அங்கே வருவார்கள். முங்கி எழுந்து, உடுத்தியிருந்ததை அப்படியே தண்ணீரோடு விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போவார்கள். கருமாதி முடித்தவர்கள் இறந்தவரின் துணிமணிகளைக் கொண்டுவந்து விடுவார்கள். போகிறவர்கள் திரும்பிப் பார்க்காததால் அந்தத் துணி எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அது எங்கேயும் போகாது. பாறையைச் சுற்றிக்கொள்ளும், ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும், அழுகும். கெண்டையும் அயிரையும் அதற்குள் சிக்கிச் சாகும்.

பொருநைக் கரைக் குழு ஞாயிறுதோறும் கொக்கியும் கூடையுமாக இறங்கி அவற்றை எடுத்தது. ஆவுடைத்தங்கம் அந்தக் குழுவின் தலைவர். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆறு என்று வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தாள். எடுத்த அளவுக்கு மறுவாரம் மறுபடி கிடக்கும். பள்ளிக்கூடங்களில் பேசினாள், கோயில் வாசலில் பேசினாள், வண்டி வண்டியாக வருகிறவர்களிடம் கைகூப்பிப் பேசினாள். "நல்லாச் சொன்னியம்மா" என்று கேட்டுக்கொண்டே வேட்டியை விட்டார்கள்.

அப்புறம்தான் மோப்பன் வந்தது.

இஸ்திரிப் பெட்டி அளவில் ஒரு கருவி. அதற்கு வேறு ஏதோ நீளமான பெயர் உண்டு. மோப்பன் என்று பெயர் வைத்தவர் சேவியர். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், குழுவில் ஆவுடைக்கு வலதுகை மாதிரி. புதிதாக உதவிக்கு வருகிறவர்களுக்குப் படித்துறையில் உட்காரவைத்து ஆவுடை பாடம் எடுப்பாள், நடுநடுவே சேவியர் புகுந்துவிடுவார். நயினார் முதன்முதலாக வந்து உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் நடந்தது.

"நம்ம தோலு உதிர்ந்துகிட்டே இருக்கும், நமக்குத் தெரியாது. உடுத்தின துணியோட நூலுக்குள்ள போய் ஒட்டிக்கிடும். மாசக்கணக்காத் தண்ணியில கிடந்தாலும் போவாது. மோப்பன் அதைப் படிக்கும். இப்போ வேலை, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் காட்டுதோமே, அந்தச் சுகாதார அட்டைக்காக நாடு பூராவும் எல்லாருக்கும் மேனிப் பதிவு எடுத்தாங்கள்லா, அதோட ஒத்துப் பாக்கும். உடுத்தியவர் யாரு, இப்போ எந்த ஊர்ல இருக்காருன்னு சொல்லிரும்."

"டிக்கெட் எடுக்காம எறங்கிப் போயிரலாம்னு நெனைக்காதிய. அடுத்த ஸ்டாப்புல செக்கிங் ஏறிரும்," என்றார் சேவியர். கூட்டம் சிரித்தது.

நயினார் சிரிக்கவில்லை. ஐம்பத்தைந்து வயசிருக்கும். சலவை வேட்டி, நெற்றியில் மெல்லிய திருநீறு. கையைத் தூக்கி, பள்ளிப்பிள்ளை மாதிரி எழுந்து நின்று கேட்டார். "செத்தவங்க துணின்னா?"

"அதுக்குத் தனிப் பொத்தான் இருக்கு அண்ணாச்சி. 'காலமானவர்'னு நாங்க அமுக்கிருவோம். பேரு வெளிய வராது. சொந்தக்காரங்களுக்கு மட்டும் தகவல் போவும்."

"உசுரோட இருக்கவங்கன்னா?"

"அவங்க போனுக்குச் செய்தி போவும். உங்கள் துணி எங்கள் ஆற்றில் இருக்கிறது, ஒரு ஞாயிறு வந்து ஒரு மணி நேரம் உதவுங்கள்னு. பேரும் ஊரும் அந்தா அந்தப் பலகையில ஓடும்." படிக்கட்டின் உச்சியில், சாலையிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி நின்ற மின்பலகையைக் காட்டினாள்.

"எந்த ஊர்ல இருந்தாலுமா?"

"எந்த ஊர்ல இருந்தாலும்." ஆவுடை அதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாள். பலகை அவள் போராடி வாங்கியது. ஊர்ப்பேரைப் போட்டு மானத்தை வாங்குவது சரியா என்று குழுவிலேயே சிலர் முணுமுணுத்தார்கள். "மானம் போவட்டும், மீனு வரட்டும்," என்று ஒரே வரியில் வாயடைத்தாள். துணி பாதியாகக் குறைந்தது. இரண்டு மழைக்கு அப்புறம் அயிரை திரும்பி வந்தது.

காலமானவர் பொத்தானும் அவள் கேட்டு வாங்கியதுதான். ஒருவர் இறந்தால் அரசாங்கப் பதிவில் ஏறுவதற்கு மாதங்கள் ஆகின்றன. அதற்குள் செத்தவருக்கே 'வந்து உதவுங்கள்' என்று செய்தி போய், ஒரு வீட்டில் அடங்கிய அழுகை மறுபடி கிளம்பிவிட்டது. அதிலிருந்து படித்துறையில் தலைவர் அமுக்குவதை அரசாங்கமே இறப்புக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டது. படித்துறையில் நின்றுகொண்டு யாரும் சாவைப் பற்றிப் பொய் சொல்லமாட்டார்கள் என்ற நம்பிக்கை.

நயினார் அதற்கப்புறம் ஒரு ஞாயிறும் தவறவில்லை. எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி கொண்டுவருவார். யாரும் இறங்கத் தயங்குகிற ஆழமான கசத்துக்குள் கழுத்தளவு நின்று, முடிச்சு முடிச்சாகக் கிடந்த துணியைப் பிரித்து எடுப்பார். "இப்படி நாலு நயினாரு இருந்தா ஆறு ஒரு வருசத்துல கண்ணாடி ஆயிரும்," என்பார் சேவியர். ஒருமுறை படியில் உட்கார்ந்து துணி பிழிந்துகொண்டிருந்தபோது, "பிள்ளைங்க எத்தனை அண்ணாச்சி?" என்று ஆவுடை கேட்டாள்.

"ஒரு பிள்ளை இருந்தா. தலைமுழுகியாச்சு."

ஆவுடை அந்தப் பிள்ளை இறந்துவிட்டாள் என்றுதான் எடுத்துக்கொண்டாள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது அண்ணாச்சி என்று சொல்லவும் செய்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். வீட்டுக்குப் போகிற வழியில் சேவியர்தான் கேட்டார்: "தலைமுழுகியாச்சுன்னா செத்துப்போச்சா, இல்ல யாரையாவது கட்டிக்கிட்டு ஓடிப்போச்சா? நம்ம பக்கத்துல ரெண்டுக்கும் ஒரே முங்குதான் தலைவரம்மா."

"சும்மா இரிங்க, வாய வச்சிக்கிட்டு," என்று ஆவுடை அதட்டினாள். அத்தோடு மறந்தும் போனாள்.

இப்போது அது ஞாபகத்துக்கு வந்தது.

நயினார் அன்று காலை கசத்துப் பக்கம் போகவில்லை. கரையோரமாகவே கொஞ்ச நேரம் துழாவிவிட்டு, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தாவணியோடு வந்தார். நேராகச் சேவியரிடம் கொடுத்தார். சேவியர் வழக்கம்போல் மோப்பனை அதன்மேல் வைத்து எடுத்தார். 'வடிவரசி, 22' என்று வந்தது. கீழே ஊர் வருகிற இடத்தில் சக்கரம் சுற்றியது. படித்துறையில் சிக்னல் எப்போதும் மந்தம். ஊரும் போன் எண்ணும் வந்து சேரச் சில நிமிஷம் ஆகும்.

ஆவுடை மோப்பனையும் தாவணியையும் கையில் வாங்கினாள். தாவணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஆனால் பாசி இல்லை, மணல் இல்லை. முகத்தருகே கொண்டுபோனாள். ஆற்று நாற்றத்துக்குப் பதிலாக அந்துருண்டை வாசம் அடித்தது.

காலைவரை ஏதோ ஒரு பீரோவுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்த துணி.

தலையைத் தூக்கிப் பார்த்தாள். மேலே சாலையில், பலகைக்கு நேரெதிரே, ஒரு வெள்ளைக் கார் நின்றது. விடிந்ததிலிருந்து அங்கேயேதான் நிற்கிறது. உள்ளே இரண்டு பேர். குளிக்க வந்தவர்கள் என்றால் இதற்குள் இறங்கியிருப்பார்கள். இரண்டு பேரும் ஆற்றைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாடம் எடுத்தது யார்? எந்த ஊரில் இருந்தாலும் மோப்பன் காட்டிக் கொடுக்கும் என்று, அதே படியில் நின்று, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னது யார்?

"சேவியர், இங்கிட்டு வாங்க." நாலு எட்டுத் தள்ளிப் போய்க் குரலைத் தாழ்த்தினாள். "அது ஆத்துல கிடந்த துணி இல்ல. அவரே கொண்டாந்து நனைச்சிருக்காரு. அது அவரு மவ. ஓடிப்போன பிள்ளை."

சேவியர் காரைப் பார்த்தார், நயினாரைப் பார்த்தார். சேவியரின் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது. "நிறுத்திருங்க."

"நிறுத்த முடியாது. வாசிச்சது வாசிச்சதுதான். சொந்தக்காரங்க பேரு வந்தா நம்ம ஆளுங்களே அழிச்சிருவாங்கன்னு, நிறுத்துற பொத்தானே வேண்டாம்னது நாந்தான்."

"அப்பம் மோப்பனை ஆத்துல போட்டுருங்க. கை வழுக்கிட்டுன்னு சொல்லுவோம்."

"வாசிச்சது மேல போயிட்டு சேவியர். இது இங்க முங்குனாலும் பலகை காட்டிரும்."

"என்ன குசுகுசுன்னு பேசுதிய?" நயினார் வந்துவிட்டார். ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி, மெதுவாக, சிரித்த முகமாக. "காட்டுங்க தங்கச்சி, பாப்போம்."

ஆவுடை மோப்பனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இன்னும் வரல அண்ணாச்சி. சுத்துது."

"வரட்டும்."

"யாருதுன்னு நீங்க கேக்கவே இல்லியே?"

அவர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். "யாருதா இருந்தா என்ன? ஊரு தெரிஞ்சா போயிக் கண்டிச்சிட்டு வரலாம்லா."

"நாம யாரையும் நேர்ல போயிக் கண்டிக்கிறது இல்லியே. செய்திதானே அனுப்புதோம்."

"சில பேருக்கு நேர்ல போனாத்தான் தங்கச்சி உறைக்கும்."

அதைச் சொன்ன குரலில் கோபமே இல்லை. காப்பி ஊற்றிக் கொடுக்கும்போது "சூடு, பாத்து" என்பாரே, அதே குரல். மேலே கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஒருவன் இறங்கி, போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகைக்குக் கீழே வந்து நின்றான். படம் எடுக்கத் தயாராக.

சக்கரம் நின்றது.

ஓசூர் என்று வந்தது. அதன்கீழ் பாதி மறைத்த ஒரு போன் எண். அதன்கீழ் 'உடுத்தியவர் உள்ளார்' என்று பச்சை எழுத்து. அந்தப் பச்சை நாலு முறை மினுக்கி அடங்கினால் பெயரும் ஊரும் பலகைக்குப் போய்விடும்.

காலமானவர் என்பதை ஆவுடை அமுக்கினாள்.

'உறுதிதானா?' என்று கேட்டது. அந்தக் கேள்வியையும் அவள்தான் ஒரு காலத்தில் சேர்க்கச் சொன்னாள், அவசரத்தில் யாரும் தப்பாக அமுக்கிவிடக் கூடாது என்று. மறுபடி அமுக்கினாள்.

பச்சை போய்ச் சாம்பல் நிறம் வந்தது. பலகையில் ஒன்றும் ஓடவில்லை. மேலே நின்றவன் போனை இறக்கிவிட்டு, என்ன என்பதுபோல் கீழே பார்த்தான்.

படியில் மடித்து வைத்திருந்த நயினாரின் சட்டைக்குள் போன் அதிர்ந்தது. அவர் போய் எடுத்தார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தார். என்ன படிக்கிறார் என்று ஆவுடைக்குத் தெரியும், அந்த வாசகத்தை எழுதியவளே அவள்தான். 'தங்கள் உறவினர் காலஞ்சென்ற வடிவரசி அவர்களின் துணி ஏழுகல் துறையில் எடுக்கப்பட்டது. எங்கள் ஆழ்ந்த இரங்கல்.'

அவர் இரண்டாம் முறையும் படித்தார். அப்புறம் தலையைத் தூக்கி, அங்கிருந்தே சாலையைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

"ஏல! யாருல செஞ்சது?"

துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். மேலே நின்றவன் பாதிப் படி இறங்கி வந்தான். "என்ன மாமா?"

"எனக்குத் தெரியாம யாருல முடிச்சது?"

"மாமா, நாங்க இங்கனதானே நிக்கோம். ஊரே தெரியாதுல்லா. எங்கன போயி..."

"நான் பாத்ததுக்குப் பொறவுன்னு சொன்னேன்லல!" குரல் உடைந்தது. "நான் ஒரு தடவ நேர்ல பாத்ததுக்குப் பொறவுதான் எதுனாலும்னு சொன்னேன்லல!"

அவன் சுற்றிலும் பார்த்தான். இத்தனை பேர் காதில் விழுந்துவிட்டதே என்று முகம் வெளிறி, வந்த வழியே ஏறினான். காரின் கதவு அறைந்து மூடியது. கார் போய்விட்டது.

நயினார் ஆவுடையிடம் வந்தார். "தங்கச்சி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மிசினே சொல்லிச்சா, நீங்க அமுக்குனியளா?"

பாடத்தை நன்றாகத்தான் படித்திருந்தார்.

ஏழு கல்லையும் தழுவிக்கொண்டு ஆறு ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் படியில் யாரும் சாவைப் பற்றிப் பொய் சொல்வதில்லை. இவர்தானே, இதே படியில் உட்கார்ந்து, தலைமுழுகியாச்சு என்று சொன்னார்? அதைத்தானே நான் பதிந்தேன் என்று ஆவுடை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"மிசினுதான் அண்ணாச்சி," என்றார் சேவியர் பக்கத்திலிருந்து. "நானும் பாத்தேன். பேரு வரும்போதே அப்படித்தான் வந்திச்சி."

"மிசினுதான் அண்ணாச்சி," என்றாள் ஆவுடையும்.

நயினார் ஆற்றுக்குள் இறங்கினார். இடுப்பளவு, மார்பளவு போய் நின்று, முங்கினார். எழுந்தார். மறுபடி முங்கினார். மூன்றாம் முறை முங்கியபோது வெகுநேரம் வெளியே வரவில்லை. சேவியர் சட்டையைக் கழற்ற ஆரம்பித்த பிறகுதான் தலை தெரிந்தது.

கரையேறியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, தண்ணீரில் விடக் கையை நீட்டினார். வழக்கம் அதுதானே. நீட்டிய கை அப்படியே நின்றது. ஆவுடையை ஒருமுறை பார்த்தார். துண்டைப் பிழிந்து, மடித்து, குழுவின் கூடைக்குள் வைத்தார். அப்புறம் திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனார்.

"மாதா கோயில் பூசைக்குப் போவாம இங்க வந்ததே ஒரு பாவம்," என்றார் சேவியர், நனைந்த படியில் உட்கார்ந்துகொண்டு. "இதையும் சேத்துச் சாமியாருட்ட சொல்லிக்கிடணும்."

மத்தியானம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஆவுடை அந்த எண்ணைக் கூப்பிட்டாள். தலைவரின் விரல் வைத்தால் மட்டும் திறக்கிற எண். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தார்கள்.

"வடிவரசியாம்மா?"

"யாரு?"

"பயப்படாத. ஏழுகல் துறையில இருந்து பேசுதேன். தனியாத்தான் பேசுதேன். காலையில இருந்து உன் அட்டை..."

"எங்க காட்டுனாலும் செல்லாதுங்குதுக்கா." பேச்சு வழக்கைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் குரலும் ஊர்க்குரலாக இறங்கிவிட்டது. "வேலைக்குப் போனேன், கதவு தொறக்கல. என்னமோ கோளாறுன்னு அனுப்பிட்டாங்க."

"கோளாறு இல்லம்மா. நீ செத்துட்டன்னு பதிஞ்சிருக்கு. பதிஞ்சவ நாந்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். தாவணி, அந்துருண்டை வாசம், கார், பலகை. அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது.

"இதத் திருத்த முடியாதாக்கா?"

"முடியும். ஒரு வாரத்துக்குள்ள நாந்தான் திருத்தணும். ஆனா திருத்தினா, உங்கள் உறவினர் உயிருடன் உள்ளார்னு முதல் தகவல் உங்கப்பாவுக்குத்தான் போவும். பலகையில ஓசூர்னும் வரும். அதத் தடுக்க வழி இல்ல. வைக்காம விட்டுட்டேன்."

"திருத்தலன்னா?"

"அட்டை இல்ல. வேலை இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனா உன்னைச் சேக்க மாட்டாங்க. ஓட்டு இல்ல. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தா அதுக்குத் தாய் இல்லன்னு எழுதுவாங்க." ஆவுடை ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். "நீ என்ன சொல்லுதியோ அதைச் செய்யுதேன்."

"அக்கா, ஒண்ணு கேக்கேன். மறைக்காம சொல்லுங்க. நான் செத்துட்டேன்னு தெரிஞ்சதும் அப்பா அழுதாரா?"

தான் சொல்லப் போகிறதை வைத்துத்தான் அந்தப் பெண் முடிவெடுப்பாள் என்பது ஆவுடைக்குப் புரிந்தது. ஒரு நாளைக்கு ஒரு பொய் போதும் என்று நினைத்தாள்.

"மொதல்ல, யாருல செஞ்சதுன்னு கேட்டாரு. பக்கத்துல ரெண்டு பேரு இருந்தாங்க, அவங்களப் பாத்து. நான் பாத்ததுக்குப் பொறவுதான் எதுனாலும்னு சொன்னேன்லன்னு சத்தம் போட்டாரு."

"அப்புறம்?"

"ஆத்துல எறங்கி முங்குனாரு. மூணு வாட்டி. மூஞ்சி பூராவும் தண்ணியா இருந்திச்சி தாயீ. அது எந்தத் தண்ணின்னு எனக்குச் சொல்லத் தெரியல."

குக்கர் மறுபடி விசில் அடித்தது. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"அப்பம் இருக்கட்டும்க்கா," என்றாள் வடிவரசி. "நான் இப்படியே இருந்துக்கிடுதேன்."

"யோசிச்சிச் சொல்லு. ஒரு வாரம் இருக்கு."

"யோசிச்சாச்சி." பிறகு, போனை வைக்கப் போகிறாள் என்று ஆவுடை நினைத்த நேரத்தில், "அந்தத் தாவணியை என்ன செஞ்சிய?" என்று கேட்டாள்.

"அலசிக் கொடியில போட்டிருக்கேன்."

"எங்கம்மா சாவதுக்கு முந்தி எடுத்துக் குடுத்தது. நீங்க அதை வெளிய போட்டுருங்கக்கா. செத்தவ துணிய வீட்ல வைக்கக் கூடாதும்பாங்க."

"நீதான் உசுரோட இருக்கியே."

ஜன்னலுக்கு வெளியே, கொடியில் அது காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"அத நீங்க ஒரு ஆளாவது ஞாவகம் வச்சிக்கிடுங்கக்கா," என்றாள் வடிவரசி.